எல்.சி. திரும்பாமல் வண்டி நகராது

நெய்வேலியில் கரண்டுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பயப்படாதவர்கள் உண்டு. கரண்டுக்கு எழுந்து நின்று மரியாதை கொடுத்தவர், என்னோடு காண்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த எல்.சி. அண்ணன் ஒருத்தர்தான்.

எல்.சி. என்பது அவர் இனிஷியல் இல்லை. லைன் கிளியர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்கப் போகிறவருக்குக் கொடுக்கிற அனுமதி. வாங்கியவர் எவரோ அவரே வந்து திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி சுவிட்சில் கை வைக்க வேண்டும். உலகத்தில் எல்லாரும் இதை வேலை நேரத்தில் கடைப்பிடிப்பார்கள். அண்ணன் வீட்டிலும் கடைப்பிடித்தார். டியூப்லைட் மாற்றுவதென்றால் மெயின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மனைவி கையில் கொடுப்பார். மாற்றி முடித்ததும் அந்த அம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்து தன் கையாலேயே சொருக வேண்டும். சும்மா இருக்கிற அண்ணன் தானே சொருகினால் குற்றமாம்!

இந்த மனிதருக்கு வானம் பார்க்கிற பைத்தியம் வேறு. நீளமாக ஒரு தொலைநோக்கி, அதைச் சூரியனோடும் நிலாவோடும் கூடவே மெல்லத் திருப்ப ஒரு மோட்டார். டவுன்ஷிப்பில் எங்கே நின்றாலும் மரம் மறைக்கும் என்று பழைய ஆம்னி வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரிலிருந்து புறப்பட்டு, முந்திரித்தோப்பு ஓரத்தில் வேன் பேட்டரியில் கிளிப் மாட்டி, பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கும்பிடு போடுவார்.

ஒருமுறை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கி, மோட்டார் மயக்கம் போட்டு, வியாழன் கிரகம் கண்ணிலிருந்து காணாமல் போனது. அன்றிலிருந்து வேனுக்கும் எல்.சி. வந்துவிட்டது. இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கான பியூஸைப் பிடுங்கி, தொலைநோக்கிக் குழாயில் கண் வைக்கிறவர் கையில் கொடுத்துவிடுவார். பார்த்து முடித்தவர் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் வேனில் சொருக வேண்டும்.

அந்தச் சூரிய கிரகணத்தன்று முத்தாண்டிக்குப்பத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு வீக்லி ஆஃப். எனக்கு மதியம் செகண்ட் ஷிப்ட். ஏற்கெனவே இரண்டு தடவை லேட். "இன்னொரு நாள் லேட்டுன்னா கேட் பாஸ குடுத்துட்டு வூட்டுக்குப் போயிரு, வேற ஆளு ரெடியா கீறான்" என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலை போனால் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடும் போகும், பிள்ளையின் ஸ்கூலும் நின்றுபோகும்.

"கவலப்படாதடா, ஷிப்டுக்கு முன்னாடியே எறக்கி வுட்டுர்றேன்" என்றார் அண்ணன். நம்பினேன்.

கூட்டம் கூடியது. குழாய் முன்னால் சூரியன் பார்ப்பதற்கென்றே விற்கிற கறுப்பு ஃபில்டர் தாளை மாட்டி, கடித்த தோசை மாதிரி சூரியனைக் காட்டினார். கடைசியாகப் பார்த்தது அஞ்சலையக்கா, முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கிரகணமும் விட்டது. கூட்டமும் கலைந்தது. மூட்டை கட்டி, வேனில் ஏறி, சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

"பியூஸ் எங்கண்ணே?"

"அஞ்சலையக்கா கையில."

"அவங்க எங்க?"

டீக்கடைக்காரர்தான் பதில் சொன்னார். "அதுவா? கிரகணம் வுட்டதும் தல முழுவிட்டு, திருவதிகை கோயிலுக்குப் போவுதுன்னு பஸ் ஏறிச்சே."

வாட்ச்சைப் பார்த்தேன். "வேற பியூஸ் இல்லியாண்ணே?"

"ஏன் இல்ல?" டேஷ்போர்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மிட்டாய்க்கடை மாதிரி பியூஸ்!

"ஒண்ணை எடுத்துப் போடுங்கண்ணே!"

டப்பாவை மூடினார். "எல்.சி. வெளிய இருக்குடா. வாங்குனவங்க திருப்பாம எப்பிடிப் போடுறது?"

"யோவ், இது வேன்யா! இதுல எவன் சாவப் போறான்?"

"வேன்ல போட்டுப் பழகுன கை, நாளைக்கு லைன்லயும் போடும்" என்றார். கத்தினேன். கெஞ்சினேன். காலில் விழுகிற மாதிரி குனிந்தும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. நெய்வேலி பஸ் எங்கள் கண்ணெதிரே போனது. அடுத்தது எப்போது என்று கேட்டால் டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். அவருடைய மொபெட்டை இரவல் வாங்கினார் அண்ணன்.

"நெய்வேலி பக்கம் திருப்புங்கண்ணே, புண்ணியமாப் போவும்!"

"எல்.சி. அந்தப் பக்கம்டா இருக்கு" என்று திருவதிகைப் பக்கம் திருப்பினார். வழி நெடுக நான் திட்டியதை அச்சில் போடப் பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கோயிலுக்குள் ஓடினோம். ஈரத் தலையோடு அஞ்சலையக்கா உண்டியல் முன்னால் நிற்கிறார். கண்மூடிக் கும்பிட்ட கைக்குள்ளே நீல பியூஸ்.

"அக்கா! அக்கா! அதப் போட்டுடாதீங்க, குடுங்க இங்க!" என்று பாய்ந்தேன்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நீ யாரு? 'பத்தரமா வச்சிக்கங்க, யாரு கேட்டாலும் குடுக்காதீங்க'ன்னு அந்தண்ணன் சொல்லித்தான் குடுத்தாரு."

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியாடா? ஒரு தடவதான் சொன்னேன்! ஒனக்கு எத்தினி வருசமா சொல்றேன்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அக்காவுக்கோ வேறு கவலை. "மருமவ முழுவாம கீறாண்ணே. கிரகண தோசம் புடிக்கக் கூடாதுன்னுதான் நீ இத்தக் குடுத்தேன்னு நெனச்சிகினேன். சாமிக்கிட்ட சேத்துட்டா புள்ள நல்லபடியா பொறக்கும்ல?"

அண்ணன் தோஷத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து இன்னொரு பியூஸை எடுத்தார். "அது வேன்ல கெடந்த பழசுக்கா. சாமிக்குப் புதுசு போடுங்க. பேரப்புள்ள ஜோரா பொறக்கும்."

புதியது உண்டியலில் விழுந்தது. பழையதை நான் வாங்கப் போனேன். "நீ வாங்காத, அவங்கதான் வந்து சொருவணும்" என்றார் அண்ணன். ஒரு மொபெட்டில் மூன்று பேர். பின்னால் பாதி உட்கார்ந்து, பாதி தொங்கிக்கொண்டு, கேட் பாஸைப் பையோடு சேர்த்துப் பிடித்தபடி வந்தேன். அஞ்சலையக்கா வேனுக்குள் குனிந்து பியூஸைச் சொருகினார். "எல்.சி. ரிட்டர்ன்!" என்று அண்ணன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கேட்டை நான் தாண்டவும் ஷிப்ட் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

அதற்கப்புறம் பல நாள் நான் அவரோடு பேசவில்லை. இருந்தாலும் ஒரே காண்ட்ராக்டரிடம்தானே வேலை, ஒருநாள் கன்வேயர் மோட்டார் ரிப்பேருக்கு இருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். எல்.சி. என் பெயரில், சுவிட்ச் பக்கத்தில் அண்ணன். இரண்டு கையும் உள்ளே விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே சூபர்வைசர் கத்தினார். "முடிஞ்சிபோச்சி, ஆன் பண்ணுய்யா!"

"அவன் வந்து சொல்லட்டும் சார்."

"அவன் அப்பவே வெளிய வந்துட்டான்யா, நானே பாத்தேன்! தள்ளு!"

"பாத்திருப்பீங்க சார். அவன் வந்து அவன் வாயால சொல்லட்டும்."

சூபர்வைசர் பார்த்தது வேறு யாரையோ. வேலை போய்விடும் என்று மிரட்டியும், சுவிட்சை மறைத்துக்கொண்டு அண்ணன் நகரவே இல்லை. நான் கிரீஸ் கையோடு வெளியே வந்து நின்றபோது அவர் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. "முடிஞ்சிதாடா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லு" என்றார்.

அவர் ரிட்டயராகி விட்டார். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். எல்லாம் நிறுத்தியாச்சு என்று ஆயிரம் பேர் சொன்னாலும், மோட்டாருக்குள் கை விடுவதற்கு முன் ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணன் நிற்கிறாரா என்று.