ஒரு பாட்டும் மூன்று ஜெர்மனும்

"இன்னொரு தடவை" என்றார் பாட்டுத் தயாரிப்பாளர் ரெஜோ. இது பதினேழாவது தடவை.

புடாபெஸ்ட் ஒலிப்பதிவுக்கூடத்தின் கண்ணாடி அறைக்குள் சில்லா தாளைப் பார்த்துப் பாடினாள். ஊரே ஆடிக்கொண்டிருந்த அவளுடைய டிஸ்கோ பாட்டுதான். வார்த்தைகள் மட்டும் ஜெர்மன். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. ஹங்கேரிய ஒலியில் எழுதிவைத்துக்கொண்டு பாடினாள்.

"நிறுத்தும்மா. நீ ரகரத்தை உருட்டுற உருட்டுல சுவரே அதிருது."

"நாலு நாள்ல அந்த ஆளு வந்துடுவாரே, அண்ணே!"

வெள்ளிக்கிழமை மேற்கு ஜெர்மனியிலிருந்து இசைத்தட்டு முதலாளி வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் மியூனிக் தொலைக்காட்சி. கூடவே, அரசிடம் மூன்று முறை கேட்டும் சில்லாவுக்குக் கிடைக்காத மேற்குப் பயண அனுமதி. பிடிக்காவிட்டால் இந்தக் கோடையும் பாலட்டோன் ஏரிக்கரை விடுதிகளில் பாடுவதுதான்.

ரெஜோ பக்கத்து ஊரிலிருந்து கறிக்கடை ட்ரூடி அம்மாளைக் கூட்டிவந்தார். வீட்டில் ஜெர்மன் பேசும் குடும்பம். இரண்டு நாள் பயிற்சி.

பதிவைக் கேட்டதும் ரெஜோ தலையில் கைவைத்தார். "இருநூறு வருஷம் முன்னாடி ஜெர்மனியிலேருந்து படகேறி வந்து இங்கே குடியேறினவங்க பேச்சும்மா இது. டிஸ்கோவுல பன்றி விக்கிற மாதிரி இருக்கு."

அடுத்து, பல்பு தொழிற்சாலைக்கு வந்திருந்த லைப்சிக் பொறியாளர். ஒரு நாள் பயிற்சி.

"ஐயோ, இப்ப கிழக்கு ஜெர்மனி வாடை. மேற்கே சிரிப்பாங்க."

"பல்லவி கறிக்கடை, சரணம் லைப்சிக். இனி எந்த வாயால பாடட்டும், அண்ணே?"

வெள்ளிக்கிழமை காலை, மேற்கு ஜெர்மனியிலிருந்து இங்கே படிக்க வந்திருந்த ஹாம்பர்க் பெண் ஹைகேயைப் பிடித்தார். அவள் ஒரே மூச்சில் டேப்பில் பாடிக்கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

"நீ வாயை மட்டும் அசை."

"என் பாட்டுக்கே நான் வாயசைக்கணுமா?"

"மியூனிக் போகணுமா, வேணாமா?"

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். டேப் சுழன்றது. சில்லா கண்ணாடிக்குப் பின்னால் உயிரைக் கொடுத்து வாயசைத்தாள். முதல் சரணத்திலேயே முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

சில்லா வெளியே ஓடிவந்தாள். "என்ன சொல்றாரு? ஒரு எழுத்துகூடத் தப்பலையே!"

மூலையில் பொகாச்சா ரொட்டி தின்றுகொண்டிருந்த முதலாளியின் கார் ஓட்டுநர், ஐம்பத்தாறு புரட்சியின்போது எல்லை தாண்டிப்போன ஹங்கேரிக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பில்லாமப் பாட அங்கேயே லட்சம் பேர் இருக்காங்கம்மா, ஹங்கேரிக்காரி ஒருத்தி தத்தக்கா பித்தக்கான்னு ஜெர்மன்ல பாடணும்னுதான் அறுநூறு கிலோமீட்டர் வந்தோம்."