மூன்று வட்டத்துக்குள் சிரித்தவர்கள்

மட்டக்களப்பு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் உதயரூபனுக்கு மாமா நல்லரத்தினம் எழுதுவது.

இங்கே நானும் உன் மாமியும் மகள் கம்சாயினியும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை. போனை நிறுத்திவிட்டு ஒளித்திருக்கிற ஆளுக்கு என்ன சுகம் இருக்கப்போகிறது? அதனால்தான் பேனை பிடித்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்பை விட்டபிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. கை நோகிறது, அந்தப் பழியும் உனக்குத்தான். கடிதம் கொழும்பு பஸ் நிஸ்தார் தம்பியிடம் ஒரு சட்டி தயிரோடு வரும். தயிரை எடுத்துக்கொண்டு கடிதத்தை விட்டுவிடாதே.

விஷயம் இதுதான். பதாகையும் காட்டும் அடிக்கிற நம் கடையின் வெப்சைட்டை நீ கழற்றி வைத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை பாசிக்குடா ஹோட்டல் மேனேஜர் சப்னா மிஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான், ஹோட்டலின் பெயர்ப் பலகை, சாப்பாட்டு மெனு, அறைக் கதவு நம்பர் எல்லாவற்றையும் செய்ய யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பா. அது கிடைத்தால் கம்சாவின் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலைக்குப் போகப்போகிறாள். அவர்களிடம் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியும் விட்டாள். அவள் கொழும்புக்கு வந்தால் அவளுடைய மச்சானாகிய உனக்குச் சந்தோஷம்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வா. அதற்குக் கடையைப் பூட்ட வைக்கத் தேவையில்லை.

நீ போனை நிறுத்தியதால் பாதிக் கதை உனக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன். பழைய வெப்சைட்டைத் திறந்தால் நாதஸ்வரம் ஊதும், ஓரத்தில் குத்துவிளக்கு எரியும், ‘வருக வருக’ என்று எழுத்து அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஓடும். செத்தவீட்டுக்காரர் அஞ்சலிப் பதாகை பார்க்கத் திறந்தாலும் நாதஸ்வரம்தான் ஊதும், அது ஒரு குறைதான், ஒத்துக்கொள்கிறேன். நீ புதுசாக்கித் தருகிறேன் என்று வந்து எல்லாவற்றையும் துடைத்து வெள்ளை வெளேரென்று விட்டாய். நான் பார்த்துவிட்டு, “மருமகன், வெள்ளையடிச்சாச்சு, இனி எப்ப பெயின்ற் அடிக்கிற?” என்று கேட்டேன். “இதுதான் மாமா டிசைன். இடம் விட்டாத்தான் பாக்கிறவங்கட கண் நிக்கும்” என்றாய். கண் நின்றதோ என்னவோ, ஆட்கள் வாவிக்கரையில் நின்றார்கள். ஏனென்றால் கடைக்கு வழி காட்ட நீ வைத்த வரைபடத்தில் கடை தண்ணீருக்குள் இருக்கிறது. கலியாணக் காட் அடிக்க வந்த ஒருவர் கரையில் நின்று போன் எடுக்கிறார். “அண்ணன், இன்னும் நேர போகச் சொல்லுது. இதுக்கு மேல போறதெண்டா தோணிதான் பிடிக்க வேணும்.” “தோணி பிடிச்சிராதீங்க தம்பி, கிறுகிப் பின்னால பாருங்க, கோழிக்கடைக்குப் பக்கத்தில நிண்டு கை காட்டுறன்” என்றேன். அன்றைக்கு முழுக்க எனக்குக் கை காட்டுகிற வேலைதான்.

அது போகட்டும், வரைபடத்தைப் பிறகு கரையேற்றலாம். பெரிய வில்லங்கம் அந்த மூன்று வட்டம். ‘எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்’ என்று மேலே எழுதி, கீழே மூன்று வட்டம் போட்டு, வட்டத்துக்குள் சிரித்த முகம் வேண்டும் என்றாய். கம்சா அலைந்தாள். புதுசாகக் கலியாணம் முடித்தவர்களைக் கேட்டால், கண்ணூறு படும் என்று தாய்மார் விடவில்லை. பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குக்குப் பதாகை அடித்த வீடுகளில் அப்படிக் கேட்டால் அடிதான் விழும். சைக்கிள் கடைத் திறப்பு விழாவுக்கு அடித்த அசனார் காக்கா ஒருவர்தான், “போடு புள்ள, ஓசி விளம்பரம்தானே” என்றார். மற்ற இரண்டு வட்டத்துக்கும் நீயே கடைக் கொம்பியூட்டருக்குள் புகுந்து இரண்டு முகம் எடுத்தாய். கம்சா களுதாவளைப் பிள்ளையார் திருவிழாப் பதாகைகளோடு அல்லாடிக்கொண்டிருந்தவள், நீ காட்டியதில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்றுவிட்டாள்.

மருமகன், நம் கடையில் ஆகத் துப்புரவான சிரித்த படம் யாருடையது தெரியுமா? செத்தவர்களுடையது. உயிரோடு இருக்கிறவர் எந்தப் படத்தைத் தந்தாலும் அப்படியே அடித்துக் கொடுக்கலாம். செத்தவீட்டுக்காரர் கொண்டுவருவது அடையாள அட்டைப் படம், இல்லையென்றால் யாருடையதோ கலியாணத்தில் பந்தியில் இருந்த படம். கம்சா அதில் சோற்றுப் பீங்கானை எடுத்து, கோட் போட்டு, கன்னத்தைத் துடைத்து, வாயோரத்தை ஒரு சொட்டு மேலே இழுத்துச் சிரிக்க வைப்பாள். மாலையும் விளக்கும் கடைசியாகத்தான் வைப்பாள். நீ எடுத்தது மாலை வைக்க முந்தின படங்கள். ஊரில் வளர்ந்தவனுக்கு முகம் தெரிந்திருக்கும், கொழும்பில் வளர்ந்த உனக்கு என்ன தெரியும்?

இப்படியாக முதலாவது வட்டத்தில் கொக்கட்டிச்சோலை சாமித்தம்பியர், வயல் வட்டைக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானை, போன மாரியில் காலமானவர். நடுவில் அசனார் காக்கா. மூன்றாவதில் காலஞ்சென்ற றோஸ்மேரி ரீச்சர். ரீச்சருக்குக் கீழே ‘சூப்பர் டிசைன்!’ என்று நீயே எழுதிவிட்டாய். சாமித்தம்பியருக்குக் கீழே நீ எழுதியது இது: ‘சொன்ன நேரத்துக்கு முடித்துத் தந்தார்கள். எல்லாம் திருப்தி. அடுத்த முறையும் இங்கேதான் வருவேன்.’

முதலில் போன் எடுத்தது ரீச்சரின் மகன் அலன், கனடாவிலிருந்து. ஏசப்போகிறான் என்று கம்சா போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். “அங்கிள், அம்மா சூப்பர் எண்டு சொல்லவே மாட்டா. வகுப்பில ஆரும் சொன்னா வாங்குக்கு மேல ஏத்தி நிக்க வைப்பா. அத மாத்துங்க” என்றான். “அம்மாவ எடுத்திரவா தம்பி?” என்று கேட்டேன். “இல்ல, அம்மா இருக்கட்டும். சூப்பர எடுங்க.”

அடுத்தது அசனார் காக்கா, நேரே வந்துவிட்டார். மூன்று பேரில் உயிரோடு இருந்தவருக்கு மட்டும்தான் கோபம். இரண்டு பக்கத்தாரையும் ஊருக்குத் தெரியும்தானே, ஆகவே நடுவில் உள்ளவரும் போய்விட்டார் என்று சனம் முடிவெடுத்துவிட்டது. காத்தான்குடியிலிருந்து அவருடைய சாச்சி வீட்டு ஆட்கள் அழுத முகத்தோடு வந்திறங்கியிருக்கிறார்கள். “நல்லரத்தினம், என்ன மௌத்தாக்கிட்டீங்களே!” என்றார். “காக்கா, சோடா குடிச்சுக்கிட்டு நிக்கீங்க, எப்பிடி மௌத்து?” என்றேன். “நீ சிரி. அந்தப் பக்கமும் ஆள் இல்ல, இந்தப் பக்கமும் ஆள் இல்ல, அடுத்தது நான்தானாம். இனி ஆரும் எனக்கிட்ட சைக்கிள் கடனுக்கும் தரச் சொல்லிக் கேக்கமாட்டான்” என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது சோடாவில் சமாதானம் ஆனார். தன்னைத் தனியாக ஒரு வட்டத்தில், சைக்கிள் ஓடுகிற மாதிரிப் போட வேண்டுமாம். மௌத்தானவன் சைக்கிள் ஓடமாட்டான்தானே என்பது அவர் சொல்லும் நியாயம்.

இதற்குள் கம்சா அழுதுகொண்டு உனக்குச் சொல்ல, நீயும் பயந்து வெப்சைட்டைக் கழற்றி, ‘விரைவில் வருகிறோம்’ என்று ஒரு வரியைத் தொங்கவிட்டு, போனையும் நிறுத்திவிட்டாய். அடுத்த நாள் காலை சாமித்தம்பியரின் மனைவி அன்னப்பூரணி அக்கா கடை வாசலில் வந்து நிற்கிறா. நான் பின்பக்கம் பதாகைக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தவன், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். கம்சா எழும்பி, “மாமி, மன்னிச்சிருங்க, பிழை நடந்திட்டு. படத்த எடுத்திட்டம்” என்றாள்.

“எடுத்திட்டீங்களா? ஆரக் கேட்டு எடுத்த?”

அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டா. “இந்த மனிசனுக்கு முடிச்ச நாள்ல இருந்து சமைச்சுப் போட்டன் புள்ள. ஒரு கறி, ஒரு சோறு, நல்லா இரிக்கி எண்டு சொன்னதில்ல. உப்புக் கூடினா மட்டும் வாய் துறப்பார். வட்டைக்குள்ள போனாலும் அப்பிடித்தான். விளைஞ்சு சாஞ்சு கிடக்கிற வயலப் பாத்து, பதர் எண்டுவார். இப்ப பாத்தா எல்லாம் திருப்தி எண்டு சொல்லிக்கிட்டுச் சிரிக்கார். எனக்குச் சொன்ன மாதிரியே இரிந்திச்சு. பக்கத்து வளவெல்லாம் கொண்டுபோய்க் காட்டிட்டன். மறுகா இண்டைக்குத் தங்கச்சிக்குக் காட்டத் துறந்தா ஆளக் காணல்ல.” போனை என் பக்கம் நீட்டினா. “இதென்ன தம்பி, அவர் நிண்ட இடத்தில விரைவில் வருகிறோம் எண்டு கிடக்கு? திரும்பி வாறாராமா?”

“வந்தா என்ன செய்வீங்க அக்கா?”

அக்கா நீட்டின போனைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டா. “படம் இரிக்கட்டும் தம்பி. ஆள் வேணா.”

கம்சா சிரித்தாள். ஒரு கிழமையாக அந்தச் சிரிப்பை நாங்கள் காணவில்லை, மருமகன். அச்சகத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவள் முகம் அடையாள அட்டைப் படம் மாதிரித்தான் இருந்தது. அதை இழுத்துச் சிரிக்க வைக்க எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. அதனால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். நீ செய்தது பிழைதான். ஆனால் வெள்ளிக்கிழமை சப்னா மிஸ் திறந்து பார்க்கும்போது வெறும் ‘விரைவில் வருகிறோம்’ நின்றால் அது அதைவிடப் பெரிய பிழை. ஆகவே வெப்சைட்டைத் திரும்பப் போடு. சாமித்தம்பியர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், ஒரு சொல்லும் மாற்றாதே. ரீச்சரின் சூப்பரை எடு. காக்காவைச் சைக்கிளில் ஏற்று. கம்சா சொல்லித் தந்த ஒரு வரியை வட்டங்களுக்குக் கீழே சேர்த்துவிடு: ‘இவர்களில் இருவர் காலமானவர்கள். அவர்களுடைய அஞ்சலிப் பதாகைகளைச் செய்தவர்கள் நாங்கள்.’ அவள் பொய்யோடு வேலை எடுக்கமாட்டாளாம். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

உன் அம்மாவை, அதாவது என் அக்காவை, மிகவும் விசாரித்ததாகச் சொல்லு. தம்பி எழுதினான் என்று சொன்னால் நம்பமாட்டா, எழுத்தைக் காட்டு. மாமி உனக்கு அன்பு சொல்கிறா. கம்சா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் உன் போனுக்கு உயிரும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை ஏசாத ஒரே மாமன்,
நல்லரத்தினம்.

பி.கு.: ஒட்டின உறையைப் பஸ் நிலையத்தில் நின்று திரும்பப் பிரித்து எழுதுகிறேன். கம்சா இப்போதுதான் போன் எடுத்தாள். சப்னா மிஸ் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை, நீ கழற்ற முந்தியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டாவாம். பிடித்திருக்கிறதாம், ஆனால் முடிவெடுக்க முதல் அந்தச் சாமித்தம்பி ஐயாவோடு ஒரு தடவை கதைக்க வேண்டும், நம்பர் தாங்க என்றிருக்கிறா. “அவர் காலமாகிட்டார் மிஸ்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு மிஸ், “அடுத்த முறையும் வருவன் எண்டிரிக்கே?” என்று கேட்டாவாம். கம்சா நடந்ததை எல்லாம் சொல்லி, வீட்டார் தந்த அடையாள அட்டைப் படத்தையும், அன்னப்பூரணி அக்காவிடம் கேட்டுக்கொண்டு, தான் செய்த பதாகையையும் அனுப்பியிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மிஸ் வேலையைத் தந்துவிட்டா. ஆகவே மேலே எழுதின அவசரம் ஒன்றும் இனி இல்லை, ஆறுதலாகப் போடு. கம்சா கொழும்புக்கும் வரமாட்டாள். சப்னா மிஸ் ஒரேயொரு கட்டளைதான் போட்டிருக்கிறா: “எங்கட ஹோட்டல் ஆக்கள் ஒருத்தரயும் அந்த வட்டத்துக்குள்ள மட்டும் போட்டிராதீங்க.”