மணியை வலப்பக்கம் மாட்டுவது குறித்து

மைசூரு,
ஆவணி மாதம்

மதிப்புக்குரிய மச்சான் தொட்டையன் அவர்களுக்கு, மகேந்திரன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை மாதேவியும் மகள் சுசித்ராவும் நலம். மார்டள்ளியில் தாங்களும் மக்காச்சோளமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

நாங்கள் கட்டப்போகும் வீட்டின் அழைப்பு மணியை வாசலுக்கு வலப்பக்கம் மாட்டுவது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தை மாதம் தொடங்கிய விவாதம் ஒருவழியாக முடிவுக்கு வந்தது. இடப்பக்கத்தை ஆதரித்து வந்த சுசித்ரா பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தாள். அன்றே சந்தேபேட்டைக்குப் போய் மணியையும் வாங்கிவிட்டோம். அழுத்தினால் குருவி கத்துகிறது. வாசல் இன்னும் இல்லை. வீடும் இல்லை. மனையில் பார்த்தீனியச் செடி இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது.

இதை அற்ப விஷயம் என்று தாங்கள் நினைக்கமாட்டீர்கள். சென்ற முறை அவரைக்காய் மூட்டையோடு வந்தபோது எங்கள் வாடகை வீட்டுக்காரம்மா நஞ்சம்மா மாடியில் நின்றபடி யார், எந்த ஊர், எத்தனை நாள் தங்கல் என்று விசாரித்துத் தங்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். இங்கே இருப்பது ஒரே மணி, அதுவும் அவர் வீட்டுக்குள்தான் அடிக்கும். அன்றைக்கு மாதேவி சொன்னாள்: "எங்கண்ணன் வந்தா நானே போயிக் கதவத் தெறக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க." அந்த ஒரு கதவுக்காகத்தான் வீடு கட்ட இறங்கினோம்.

கருவூலத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் செலவுத் திட்டங்களைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் என்பதால் பட்ஜெட்டை நானே போட்டேன். ஒரு கூடம், இரண்டு அறை, கிழக்கு பார்த்த வாசல், அதில் தாங்கள் சீராகத் தருவதாகச் சொன்ன பலாமரத்து நிலை. கூட்டிப் பார்த்ததில் பணம் சுவர் வரை வந்தது, தளத்துக்கு வரவில்லை. கூரை இல்லாத வீட்டை சுசித்ரா ஏற்கவில்லை. ஆகவே இன்ஜினியர் விஜய்குமாரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "மாடோணா சார்", செய்துவிடலாம் என்பார். மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் பேங்க் கடன் தரும், வாடகை கடனை அடைக்கும் என்றார். சரி என்றோம். மேலே ஆள் வந்தால் தனிப் படிக்கட்டு வேண்டுமாம், தனி மீட்டர் வேண்டுமாம், தண்ணீர்த் தொட்டி பெரிதாக வேண்டுமாம், இன்னும் பெயர் தெரியாத அந்த ஆளின் காருக்கு இடம் வேண்டுமாம். கார் எங்கள் கூடத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. இந்தச் செலவை ஈடுகட்ட இரண்டாம் மாடி. இரண்டாம் மாடிக்காரருக்கும் கார் உண்டு, அது மீதிக் கூடத்தையும் இரண்டு அறைகளையும் எடுத்துக்கொண்டது. தரையில் தூண்கள்தான் மிச்சம். சரி, நாமே முதல் மாடிக்குப் போகலாம் என்றால் தங்கள் தங்கைக்கு மூட்டு வலி, லிஃப்ட் இல்லாமல் முடியாது. லிஃப்டுக்கு ஆகும் செலவைச் சம்பாதிக்க மூன்றாம் மாடி. மாடோணா சார். வரைபடத்தில் நிலையும் மணியும் எங்களோடு முதல் மாடிக்கு ஏறின. இதற்குள் தாங்கள் பலாமரத்தை வெட்டி, அறுத்து, நிழலில் காயப்போட்டிருக்கும் படம் வாட்ஸப்பில் வந்துவிட்டது.

மணி வாங்கிய மறுநாள் சுசித்ரா லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். விஜய்குமாரும் இருந்தார்.

"அப்பா, டேலி ஆயிடுச்சு. எல்லா போர்ஷனும் வாடகைக்குப் போனா கடன் கட்டிடலாம்."

"அதுல நம்முளுது எதுடி?" என்றாள் மாதேவி.

"நாம இருந்தா அந்த போர்ஷனுக்கு வாடகை வராதுல்லம்மா?"

"அப்ப நாம எங்க இருக்கறது?"

"இங்கயே. நஞ்சம்மா ஆன்ட்டி வாடகை கம்மிதானே. அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்."

விஜய்குமார் 'மாடோணா' என்று சொல்ல வாயைத் திறந்தவர், மாதேவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவர் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லாமல் விட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாதேவி மணியை எடுத்து பீரோவுக்குள் போட்டுப் பூட்டினாள். உள்ளே குருவி ஒரு தடவை கத்தியது.

நானும் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எங்கேயும் பிழை இல்லை. நாங்கள் குடியிருக்காத வரைக்கும் அந்த வீட்டைக் கட்ட எங்களுக்குத் தாராளமாக முடியும். ஆகவே தாங்கள் கவலைப்பட வேண்டாம். கார்த்திகையில் பூமி பூஜை, அவசியம் வரவும். நிலையைச் சுமந்து வர வேண்டாம். வழக்கம்போல் நஞ்சம்மாவிடம் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு உள்ளே வரவும். மாதேஸ்வரன் புண்ணியத்தில் சோளத்துக்கு மழையும், மழைக்கு அப்புறம் விலையும் கிடைக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள,
மகேந்திரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நஞ்சம்மா கீழே இறங்கி வந்தார். சுசித்ரா சத்தமாகப் போட்ட கணக்கு ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்து, அவர் மகனிடம் சொல்ல, மகன் வந்து கேட்க, ஒரே காம்பவுண்டுதானே என்று இவளும் அந்த ஃபைலை அனுப்பி வைத்திருக்கிறாள். அவர்களுக்கும் டேலி ஆகிவிட்டதாம். இந்த வீட்டை இடித்து போர்ஷன்கள் கட்டப்போகிறார்கள். இன்ஜினியர் விஜய்குமார். ஐப்பசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். வேறு வீட்டு வாடகையைப் போட்டுப் பார்த்தால் எங்கள் கணக்கு உதைக்கிறது. தாங்கள் சோளம் கொட்டி வைக்கும் வடபுறத்து அறையை மாதேவி கேட்கிறாள். பலா நிலையை அதற்கே வைத்துவிடவும். மணி இந்தக் கடிதத்தோடு கொள்ளேகால் பஸ்ஸில் வருகிறது. வலப்பக்கம் மாட்டவும்.