சூட்டு ஒண்ணு, மூழ்குறதுக்கு ரெண்டு பேரு

ஏரிக்கு அடியில கிடக்கிற அந்தப் பழைய கப்பலை நாமதான் பாக்கணும், பொண்டாட்டி பாக்கக் கூடாதுன்னு நம்ம லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தாரு.

முங்கிப் பாக்கக் கூட்டிட்டுப் போற படகுல பாக்கி ஒரே இடம். வீட்ல இருக்கிறதும் முங்குறப்ப போடுற டிரை சூட்டு ஒண்ணே ஒண்ணு. கழுத்துலேர்ந்து கால்விரல் வரைக்கும் மூடி, சொட்டுத் தண்ணி உள்ள விடாது. ரெண்டு பேரும் ஒரே உயரம், யாருக்கும் சேரும். ஆனா அதோட பாதம் மட்டும் மெல்லிசு ரப்பர். கூரான கல்லு கிழிச்சா ஐஸ் தண்ணி உள்ள குடித்தனம் வந்துடும். அதனால மேல பூட்ஸ் போட்டே ஆகணும். "பூட்ஸ் இல்லாத காலு என் படகுல ஏறாது"ன்னுட்டாரு படகுக்காரரு.

மெக்கானிக் மூளை ஜிவ்வுன்னு மேல் மாடிக்குப் போச்சு. பூட்ஸை நம்ம அளவுக்கு வாங்கிட்டா? அவ காலு சின்னது. உள்ள லொடலொடன்னு ஆடும். எப்படிப் போவா?

"கடைக்கா? சூட்டையும் கம்பளி சாக்ஸையும் கொண்டு போங்க. எல்லாத்தையும் மாட்டிப் பாத்து வாங்குங்க"ன்னா அவ. டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவ. வீட்லயும் அதே குரல்.

"என் காலு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து கூடவே வருது!"

"சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

கடையில வெறுங்காலை விட்டுப் பாத்தாரு. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துது.

மறுநாள் விடிஞ்சதும் கம்பளி சாக்ஸ் போட்டாரு. சூட்டுக்குள்ள புகுந்தாரு. முதுகுப் பக்கம் இருக்கிற ஜிப்பை அவதான் இழுத்து மூடினா. பூட்ஸை எடுத்தாரு.

போகல.

அமுக்கினாரு. செவுத்துல உதைச்சாரு. கட்டில்தான் நகந்துச்சு. வாசல்ல, ஏரிக்குக் கூட்டிட்டுப் போக வந்த வேன் ஹாரன் அடிச்சுது.

"என்னங்க, ஆச்சா?"

"ஆச்சு ஆச்சு!"

"மூஞ்சி ஏன் தக்காளியா இருக்கு? மெதுவா மிதிங்க. கிளட்ச் மாதிரி."

"சாக்ஸைக் கழட்டிட்டா போயிடும்டி!"

"கழட்டுங்களேன். அது சூட்டுக்குள்ளதானே இருக்கு? ஜிப்பு முதுகுல இருக்கு. எட்டுதா பாருங்க."

வலது கையால துழாவினாரு. இடது கையால துழாவினாரு. ஃபேன் மாதிரி ஒரு சுத்து சுத்தினாரு. எட்டல. வேர்வை உள்ளயே ஏரி கட்டுது. திரும்ப ஹாரன்.

"ஏம்மா... திறந்து விடேன்."

திறந்தா. உரிச்சுப் போட்டுட்டுக் கட்டில்ல உக்காந்தாரு. ஒரு சாக்ஸ் கழண்டுது. ரெண்டாவதைக் கழட்டி நிமிந்து பாத்தா, சூட்டு நின்னுக்கிட்டிருக்கு. உள்ள அவ! அவளோட கம்பளி சாக்ஸும் ஏறியாச்சு. பூட்ஸுக்குள்ள காலு வழுக்கிட்டுப் போச்சு.

"உனக்கு எப்படிடி சேருது?"

"கம்பளியும் ரப்பரும் சேந்தா என் காலு உங்க வெறுங்கால் அளவு. என்னைக்கோ அளந்துட்டேன்."

"அப்ப சூட்டைக் கொண்டு போன்னு ஏன் சொன்னே?"

"நான் சொன்னா நீங்க செய்ய மாட்டீங்கன்ற நம்பிக்கைதாங்க."

வெளிய ஹாரன் அலறுது. அவ முதுகைக் காட்டி நின்னா.

"எனக்கும் எட்டாதுங்க. கொஞ்சம் ஜிப்பை இழுத்து விடுங்க."

இழுத்து விட்டாரு.