சீட்டை மறைக்கும் குட்டிச் சீட்டு

தாராவியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு லேப் அண்ணாச்சி அளவு மரியாதை கொடுத்த மனிதர் வேறு யாரும் கிடையாது. நான் சாமியைச் சொல்லவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒன்றைச் சொல்கிறேன்.

செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவுவது அவர் வேலை. “மனுசன் விரல் பட்டாலே அது அழிஞ்சு போகும்வே” என்பார். அதனால் வேலையில் ரப்பர் கையுறை. அப்புறம் இட்லிக்கடையிலும் கையுறை, பஸ் கம்பியைப் பிடிக்கவும் கையுறை. ஒருநாள் கோயிலில் திருநீற்றுக்கும் அந்தக் கையையே நீட்டினார்.

“என்னய்யா இது அசிங்கம்?” என்றார் பூசாரி.

“அசிங்கம் உள்ள இருக்க கையிலதான் சாமி. திருநீத்துல ஒட்டிரக் கூடாதுல்லா!”

பூசாரி இன்னொரு சிட்டிகை சேர்த்துப் போட்டார்.

நான் எட்டாவதுவரை படித்தவன். வீட்டிலேயே நாலு மெஷின் போட்டுப் பை தைக்கிறேன். என் மனைவி செல்விக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்து, கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். வைக்க வேண்டிய நாட்களில் பாதி கடந்ததும் டாக்டர், கட்டி நினைத்த அளவு சுருங்கவில்லை என்றார். திருச்செந்தூருக்கு நேர்ந்த முடியை நான் இறக்காதது என் மனதைக் குடைந்தது. செல்வி படுத்தேவிட்டாள்.

“என் பாவத்துக்குக் கரண்டும் கேக்கல. இனி நான் போகல.”

ஒரு நாள் போகவில்லை. மறுநாள் காலையிலேயே விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி வந்து நின்றார். எங்களிடம் ஒவ்வொரு மெஷினிலும் ஆர்டர் சீட்டு ஒட்டியிருக்கும். வேலையை நிறுத்தச் சொன்னால் அதன்மேல் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிடுவேன். அண்ணாச்சி அந்தச் சிவப்புச் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

“தங்கச்சி, இங்க பாரு. கரண்டு கட்டியைக் கிழிக்கும். உள்ள ஒரு டெய்லர் இருக்கான். ஆர்டர் சீட்டப் பாத்து கிழிஞ்சதத் தச்சிருவான். இந்த மாதிரி குட்டிச் சீட்டு வந்து அத மறைச்சா, தையல் பந்த். அதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. சில கட்டியில அது கம்மி. படுபாவி, கிழியக் கிழியத் தச்சுக்கிட்டே இருப்பான்.”

“அப்போ என் பாவம் இல்லையா அண்ணாச்சி?”

“எங்க லேப் சாருமாரு எத்தனையோ சீட்டு கண்டுபிடிச்சிருக்காங்க. பாவம்னு ஒரு சீட்டு இதுவரைக்கும் இல்ல.”

“எனக்கும் அந்தச் சீட்டுதான் கம்மியா?”

“தெரியாது தாயி, பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு மருந்தும் இன்னும் கைக்கு வரல. ஆனா கரண்ட நிறுத்துனா, தைக்கிறவனுக்கு நாமளே டைம் குடுத்த மாதிரி ஆயிரும்.”

நான் முடி விஷயத்தை இழுத்தேன். “முருகன் காத்திருப்பான்வே. கரண்டு காத்திருக்காது. பஸ்ஸப் பிடி!” என்றார் அண்ணாச்சி.

மிச்ச நாள் முழுக்க லீவு போட்டுவிட்டு அவரும் கூடவே வந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் டெய்லர் கதையைச் சொன்னார். கரண்ட் வைக்கும் மராத்திக்காரப் பையன் கதவைத் திறந்து, “டாக்டர் சாப், உங்க லெக்சர் முடிஞ்சா என் பேஷன்டை அனுப்புங்க” என்று கும்பிட்டான். அவர் அசரவில்லை. அவனுக்கும் முதலிலிருந்து சொன்னார்.

சில மாதம் கழித்து, கட்டி இப்போது தெரியவில்லை, ஆனால் செக்கப்புக்குத் தவறாமல் வர வேண்டும் என்றார் டாக்டர். அன்றே கோயிலுக்குப் போனோம். செல்வி தன் பேருக்கு அர்ச்சனை முடித்து, இன்னொரு தட்டையும் நீட்டினாள். பூசாரி பெயர் கேட்டார். எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

“லேப் அண்ணாச்சின்னு சொல்லுங்க சாமி.”

“நட்சத்திரம்?”

செல்வி கொஞ்சம் யோசித்தாள்.

“என் நட்சத்திரத்தையே அவருக்கும் சொல்லுங்க.”