அரை மாத்திரை வைத்தியர்

உலகத்தில் அரை மாத்திரை வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் எழுதித் தந்ததை அப்படியே விழுங்கினால் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

நம்ம மகுடேஸ்வரன் இந்த இனத்தில் மூத்தவர். காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் பனியன் தைத்து அனுப்பும் சின்ன யூனிட்டுக்கு முதலாளி. முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்து மேலே வந்தவர். மேசையில் துணியை விரித்ததுமே எங்கே வெட்டினால் வீணாகாது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். அதே கண்ணை மாத்திரை மேலும் வைத்தார் பாருங்கள், அங்கேதான் வினை.

சர்க்கரைக்கு டாக்டர் புதிதாகக் கொடுத்தது இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு பாதி வெள்ளை, மறுபாதி ரோஸ். “சாப்பாட்டோட முழுசா முழுங்கோணுமுங்க, உடைக்கக் கூடாதுங்க” என்று மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். யார் கேட்டது? நூல் பிசிறு வெட்டுகிற கத்தரியை எடுத்து, நிறம் மாறுகிற இடத்தில் நறுக்கென்று ஒரு வெட்டு. வெள்ளை இவருக்கு. ரோஸ் மிச்சம். வேஸ்ட் துணியையே மூட்டை கட்டி விற்கிற ஊரில் மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வருமா?

அன்று சஷ்டி விரதம். மனைவி ரங்காத்தாள் காலையிலிருந்து வெறும் வயிறு.

“ஏனுங்க, தலை கிர்ருங்குது.”

“உனக்கும் சர்க்கரைதாம் புள்ள. இந்தா, ரோஸை முழுங்கு.”

“டாக்டரைக் கேக்க வேண்டாமுங்களா?”

“அவருக்குக் கட்டிங் தெரியுமா?”

இரண்டு மணி நேரம் போயிருக்கும். செக்கிங் மேசையில் பனியன் மடித்துக்கொண்டிருந்த ரங்காத்தாளுக்குக் குப்பென்று வியர்த்தது, கை வெடவெடத்தது, நாக்கு குழறியது. பக்கத்தில் இருந்த முத்துப்பேச்சி தென்காசிக்காரி, பார்த்ததும் அலறினாள். “மொதலாளி, எங்க அம்மைக்கும் இப்படித்தான் வரும். சர்க்கரை எறங்கிட்டு! சீனியக் கொண்டாங்க, வெரசா!” இவள் இல்லாமல் யூனிட் எதற்கு, ஊடு எதற்கு என்று மகுடேஸ்வரன் வாய்விட்டே அழுதார். முத்துப்பேச்சி சீனித் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். அப்புறம் ஆஸ்பத்திரி, குளுக்கோஸ்.

“ரோஸ்ல இருக்கறது சர்க்கரையைச் சரசரன்னு எறக்கற மருந்து. வெள்ளை நாள் பூராவும் மெதுவாக் கரையோணும். நீங்க வெட்டி ரெண்டையும் கெடுத்தீங்க. இந்தம்மாவுக்குச் சர்க்கரையே இல்லீங்க, வெறும் பசி!” என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

கட்டிலில் ரங்காத்தாள் கண் திறந்தாள்.

“ஏனுங்க, இட்லியாவது முழுசாக் குடுப்பீங்களா, அதையும் வெட்டித்தான் தருவீங்களா?”

இப்போது மாத்திரை டப்பா ரங்காத்தாள் பொறுப்பு. மகுடேஸ்வரன் அவள் கண்ணெதிரே, சாப்பாட்டோடு, முழுசாக விழுங்குகிறார்.

நீங்கள் சிரித்தது போதும். எழுந்து போய் உங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற டப்பாவைத் திறந்து பாருங்கள். போன மாதம் மச்சினருக்கு எழுதிக் கொடுத்ததில் மூன்று மாத்திரை பத்திரமாக இருக்கிறதே, அதை யாருக்குக் கொடுப்பதாக உத்தேசம்?