செவலைப் பசுவின் சான்றொப்பமிட்ட நகல்

அசலோடு ஒத்துப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்து விழாத நகல் எந்த அலுவலகத்திலும் செல்லாது. இது நாடறிந்த நியதி. இந்த நியதி மாட்டுக்கும் பொருந்தும் என்று கண்டறிந்த பெருமை திருவனந்தபுரத்தைச் சேரும்.

ஸ்ரீவராகம் தெருக்களில் எங்களுக்குப் பால் ஊற்றும் முத்தாரம்மாளிடம் செவலை என்று ஒரே ஒரு பசு. அதன் மடியை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. குளோனிங் திட்ட அதிகாரி ரதீஷ் வந்து, செவலையின் காதில் கடுகளவு தோல் கிள்ளிக்கொண்டு போனார். வெளிநாட்டில் ஒரு செம்மறியாட்டின் மடியில் எடுத்த செல்லை வைத்து இன்னொரு ஆட்டையே உண்டாக்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறதாம். நாம் பின்தங்கலாமா என்று கேட்டார். பிறக்கும் கன்று அவளுக்கே என்றும் வாக்களித்தார்.

வேறொரு பசுவின் வயிற்றில் கன்று பிறந்தது. அச்சு அசல் செவலை. சான்றொப்பமிட அசலைக் கொண்டுவரச் சொன்னார்கள். முத்தாரம்மாள் தன் கையாலேயே பசுவை ஓட்டிக்கொண்டு போனாள். ரேஷன் கார்டுக்கு அலைந்தும் புத்தி வராத ஜென்மம்.

ரதீஷ் காது, வால், குளம்பு எல்லாம் ஒத்துப் பார்த்தார். நகலுக்குக் கொம்பு இல்லை. 'பின்னர் சமர்ப்பிக்கப்படும்' என்று குறித்துக்கொண்டார். கன்றின் தொடையில் வட்ட முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்திட்டு, கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"செவலை?" என்றாள்.

"ஒரிஜினல் ஆபீஸில் இருக்கணும் சேச்சி. அதாணு ரூல்."

"இது கறக்காதுல்லா சார்?"

"ரெண்டும் ஒரே டிஎன்ஏ. அது கறந்தா இதும் கறந்த மாதிரி அல்லே? இப்போ பால் வரலைங்கிறது ஒரு டெக்னிக்கல் தாமதம், கேட்டோ."

அடுத்த வாரமே அலுவலக வாசலில் 'குளோன் பால்' விற்பனை தொடங்கியது. கறந்தது செவலையைத்தான். இரண்டும் ஒன்று என்று அரசே சொன்ன பிறகு பெயரில் என்ன பொய்? தெருவே செம்போடு வரிசையில் நின்றது. முத்தாரம்மாள் ஊற்றியபோதெல்லாம் தண்ணீர் என்று முகம் சுளித்த சாவித்ரி மாமி, ஒரு வாய் குடித்துவிட்டு, "சயின்ஸ்னா சயின்ஸ்தான். என்ன திக்கா இருக்கு!" என்றாள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

முத்தாரம்மாளும் கன்றோடு வந்தாள். ஈன்ற பசு அடுத்த நகலுக்குப் போய்விட்டதால் கன்றுக்குப் பால் இல்லை. உள்ளே கட்டியிருந்த செவலை அவள் குரல் கேட்டுக் கத்தியது. அவள் நேரே அதனிடம் போகப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம். மணிக்கணக்காக நிற்கிறவர்கள் முட்டாள்களா? வரிசை என்றால் வரிசை என்று அவளைக் கடைசிக்கு அனுப்பினோம்.

அவள் முறை வந்தபோது பால் தீர்ந்திருந்தது. கடைசிச் செம்பு என்னுடையது.